மேற்படி பூனையும் மூன்று ஸ்டாரும்

"இன்னிக்கு ஒண்ணுமே நடக்கல" என்றாள் மாளு.

"ஒண்ணுமே நடக்காம ஒரு நாள் எப்படி மோளே போகும்? காலையில எழுந்தே, பல்லு தேய்ச்சே, புட்டு தின்னே..."

"அது தினமும் நடக்குது. அதையெல்லாமா எழுதுவாங்க?"

ஆறு வயசுக்கு இந்தப் பேச்சு கொஞ்சம் ஜாஸ்திதான். ஷைஜு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஏழேகால். மனைவி ரீஜா வேலை முடிந்து ஏழே முக்காலுக்கு வந்துவிடுவாள். வந்ததும் செருப்பைக் கழற்றுகிறாளோ இல்லையோ, டைரி எங்கே என்று கேட்பாள். டைரியில் தேதியைத் தவிர ஒரு புள்ளிகூட இல்லை.

கூட்டு டைரி என்று ஒன்றாம் வகுப்புக்கு ஒன்று வந்திருந்தது. அன்றைக்கு நடந்ததைப் பிள்ளை சொல்ல வேண்டும். தெரிந்த எழுத்துகளைத் தானே பென்சிலால் எழுத வேண்டும். தெரியாததை வீட்டுப் பெரியவர் பேனாவால் நிரப்ப வேண்டும். நாளாக நாளாகப் பேனா குறையும், பென்சில் கூடும், பிள்ளை எழுதக் கற்றுக்கொண்டுவிடும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். மாளுவிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஷைஜுவுக்கு இதில் மானமே அடங்கியிருந்தது. வீட்டுக்கு எதிரே இருக்கும் புளிக்கடவு அரசு எல்.பி. பள்ளியில், அந்த மலையாள ஆரம்பப் பள்ளியில்தான் மகள் படிக்க வேண்டும் என்று சண்டை போட்டு ஜெயித்தவன் அவன். ரீஜாவுக்கு டவுனில் இருக்கும் இங்கிலீஷ் மீடியத்தின் மேல் ஆசை. மஞ்சள் பஸ், டை, ஷூ, புதன்கிழமைக்கு வேறு ஷூ. இரண்டு வாரம் பேசாமல் இருந்து பார்த்துவிட்டு, ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள்.

"ஜூலை கடைசி வரைக்கும் டைம் சேட்டா. அதுக்குள்ள மாளு தானா எழுதணும், படிக்கணும். இல்லேன்னா டி.சி.யை வாங்கிட்டு அங்க சேர்த்துடுவேன். என் சித்தி பொண்ணு அங்க ஆபீஸ்லதான் இருக்கா. ஒரு சீட்டைப் பிடிச்சு வச்சிருக்கா. சம்மதமா?"

"சம்மதம்" என்று உடனே சொல்லிவிட்டான். சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் பன்னிரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவன். ஊராருக்கெல்லாம் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு என்று புத்தி சொல்கிறவன். தன் வீட்டில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சம்மதித்துவிட்டான்.

மாளுவுக்கோ எல்.பி. பள்ளி என்றால் உயிர். முதல் நாள் தலையில் வைத்துவிட்ட காகிதக் கிரீடத்தைக் கழற்றாமல் மூன்று நாள் தூங்கினாள். மஞ்சாடி விதைகளை அடுக்கி எழுத்து கட்டுவது, மணலில் விரலால் எழுதுவது, காகித இலையில் சொல் எழுதி மரத்தில் ஒட்டுவது, பாட்டு, ஆட்டம், எல்லாவற்றிலும் முன்னால் நிற்பாள். வீட்டில் பென்சிலைப் பார்த்தால் மட்டும் கை வலிக்கும்.

"சரி, காலையில பூனை என்ன பண்ணுச்சு?" என்றான் ஷைஜு.

"பாலைக் குடிச்சுது."

"அதை எழுது!"

"அது பூனைக்கு நடந்தது. எனக்கு நடக்கல."

தெருமுனையில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டது. ரீஜாவின் பஸ்ஸாக இருந்தால்? ஷைஜு டைரியைத் தன் பக்கம் இழுத்தான். ஒரு நாள்தானே என்று மனசு சொன்னது. பென்சிலை எடுத்தான். வலது கையால் எழுதினால் எழுத்து அச்சடித்த மாதிரி விழுந்துவிடும், உடனே மாட்டிக்கொள்வான். பென்சிலை இடது கைக்கு மாற்றினான். மலையாள எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முறுக்கு. இடது கையால் முறுக்குச் சுற்றியது போல 'பூனை' என்றும் 'பால்' என்றும் எழுதினான். மிச்சத்தைப் பேனாவால் வலது கை எழுதியது. அந்தக் கைக்கு ஒரே ஒரு நடைதான் தெரியும்.

'நாளது தேதி காலையில், அடுக்களையின் வடகிழக்கு மூலையில் இருந்த பாலை, மேற்படி பூனை எவருடைய சம்மதமும் இல்லாமல் குடித்தது.'

மாளு எட்டிப் பார்த்தாள். "மேற்படின்னா என்ன?"

"ஏற்கெனவே சொன்ன அதே ஆள்னு அர்த்தம்."

"அப்ப மேற்படி அம்மா எப்ப வருவாங்க?"

மேற்படி அம்மா அப்போது உள்ளே வந்தாள். டைரியைப் பார்த்தாள். கோணல்மாணலாக நின்ற பென்சில் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே! என் குட்டி எழுதிட்டாளே!" என்று மாளுவை இழுத்து முத்தம் கொடுத்தாள். மாளு அப்பாவைப் பார்த்தாள். ஷைஜு கூரையைப் பார்த்தான்.

மறுநாள் டைரி திரும்பி வந்தபோது, பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் இப்படி இருந்தது:

'எழுத்துகள் வரிசையில் நிற்கவில்லை. நாளை முதல் நிற்க வேண்டும். முயற்சிக்கு ஒரு ஸ்டார்.'

பக்கத்தில் ஐந்து முனையும் அளந்து போட்ட மாதிரி ஒரு ஸ்டார்.

ஷைஜு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தாறு வயசில் அவன் வாங்கிய முதல் ஸ்டார் அது. அவன் படித்த காலத்தில் ஸ்டார் எல்லாம் கிடையாது, பிரம்புதான். சும்மா சொல்லக் கூடாது, அவனுக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்று இருந்தது.

ஒரு நாள்தானே என்று ஆரம்பித்த காரியம் எங்கே நிற்கும்? மறுநாளும் இடது கை. அதற்கடுத்த நாளும் இடது கை. ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுத வரும் பார்ட்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பழைய வரைவுத் தாளின் பின்பக்கம் பயிற்சி வேறு. பக்கத்து மேசை குரியாக்கோஸ் கேட்டார்: "என்ன ஷைஜு, வலது கைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணே. ஒரு கை ஓய்வா இருக்கட்டும்னுதான்."

ஒரு நாள் பாகப் பத்திரம் ஒன்றை எழுதி முடித்ததும் கை தன் பாட்டுக்கு அடியில் ஒரு ஸ்டார் போட்டுவிட்டது. அண்ணன் தம்பி இருவரும் ஸ்டார் யார் பாகத்தில் சேரும் என்று கேட்க, முழுப் பக்கத்தையும் திருப்பி எழுத வேண்டியதாயிற்று.

வீட்டில் மாளு பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அன்றைய விஷயத்தைச் சொல்வாள். அப்பா எழுதுவதைக் கண் கொட்டாமல் பார்ப்பாள்.

"அச்சா, அது தப்பு. டீச்சர் இப்படிச் சுத்த மாட்டாங்க. இந்தப் பக்கம் வளைச்சு, உள்ள கொண்டு வரணும்."

"எல்லாம் எனக்குத் தெரியும் மோளே."

"தெரிஞ்சா ஏன் கோணலா வருது? அழிச்சிட்டு எழுதுங்க. அப்புறம் இங்க 'அழுதேன்'னு போட்டிருக்கு. நான் அழல. அனந்துதான் அழுதான். மாத்துங்க."

ஷைஜு அழித்துவிட்டு எழுதினான். பென்சில் எழுத்து நாளுக்கு நாள் நிமிர்ந்தது. ஸ்டார் இரண்டாயிற்று. ஜூன் கடைசியில் ஒரு நாள் மூன்று ஸ்டாரும், 'திருப்திகரமான முன்னேற்றம். இதே வேகத்தில் செல்க' என்ற வரியும் வந்தபோது, ஷைஜு அன்றைக்கு ஆபீஸில் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தான். எதற்கென்று யாருக்கும் சொல்லவில்லை.

வம்பு மறுநாள் காலையில் பள்ளி வாசலில் வந்தது.

வல்சலா டீச்சர் சிரிக்காமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். பிள்ளைகள் இடுப்பைப் பிடித்துத் தொங்கினாலும் சிரிப்புதான். இந்த அம்மாவா சிவப்பு மையில் அப்படி அதட்டுகிறார் என்று ஷைஜு ஆச்சரியப்படாத நாளில்லை. பேனாவைப் பிடித்ததும் சிலருக்குக் குணம் மாறிவிடும் போலிருக்கிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வான்.

"மாளுவோட அச்சா, ஒரு நிமிஷம்" என்றார் டீச்சர். "மாளு பாட்டுல கெட்டிக்காரி. மஞ்சாடி விதையில எழுத்துக் கட்டறதுல அவளை யாரும் அடிச்சுக்க முடியாது. நோட்டை எடுன்னா மட்டும் படம் போடறா. வீட்டுல எழுதறாளோ?"

ஷைஜு மனசுக்குள் கணக்குப் போட்டான். வகுப்பில் எழுதாத பிள்ளை டைரியில் மூன்று ஸ்டார் வாங்கினால் சந்தேகம் வராதா? "எழுதறா டீச்சரே. கொஞ்சம் கொஞ்சம்" என்று மென்று விழுங்கிவிட்டு ஓடி வந்தான்.

அன்று மாலை எழுத்தைக் கெடுக்க உட்கார்ந்தான். இரண்டு எழுத்தைத் தலைகீழாகப் போட்டான். ஒன்றை விட்டே விட்டான். மாளுவுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயே! ஒண்ணாங் கிளாஸ் பிள்ளை இப்படி எழுதுமா?"

"எழுதும். சும்மா இரு."

மறுநாள் சிவப்பு மை சீறியது: 'திடீர்ப் பின்னடைவு! காரணம் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

ஷைஜு ஆடிப்போனான். ஸ்டார் ஒன்றுகூட இல்லை. அவமானம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். யோசித்து யோசித்து இடது கையால் எழுதினான்: 'வயிற்று வலி.'

பதில் வந்தது: 'இரண்டு நாள் முட்டை வேண்டாம். கஞ்சி மட்டும். நலம் பெற்றதும் தெரிவிக்கவும்.'

அவன் மறந்துபோனது ஒன்றுதான். டைரியை ரீஜாவும் படிப்பாள்.

"மாளுவுக்கு வயித்து வலியா? தாலுகா ஆஸ்பத்திரியில லேப் வேலை பார்க்கறவகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"அது... லேசாத்தான்..."

"எனக்கு வலிக்கவே இல்லம்மா!" என்றாள் மாளு.

"வலிக்கிற பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான் சொல்லும்" என்று ரீஜா ஓமத்தண்ணியைக் காய்ச்சி, மூக்கைப் பிடித்து ஊற்றிவிட்டாள். மறுநாள் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, பரிசோதனைக்கு எடுத்து வரச் சொன்னாள். மாளு அப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத் தணிக்க மூன்று நாள் மூன்று ஐஸ்கிரீம் தேவைப்பட்டது.

பள்ளி வாசலில் ஷைஜு பணிவாகச் சொன்னான்: "டீச்சரே, நீங்க எழுதினபடியே முட்டையை நிறுத்தியாச்சு."

"எந்த முட்டை?" என்று டீச்சர் விழித்தார். சட்டென்று வாயில் கை வைத்துச் சிரித்தார். "ஐயோ, நாப்பத்தொரு பிள்ளைங்க, போதாததுக்கு மத்தியானச் சாப்பாட்டுப் பொறுப்பும் என் தலையில. யாருக்கு என்ன எழுதினேன்னு எங்க ஞாபகம் இருக்கு! அது இருக்கட்டும், ஒரு சந்தோஷ விஷயம். இருபத்தெட்டாம் தேதி பெற்றோர் கூட்டம். நல்லா இருக்கற டைரியைப் பிள்ளைங்களே எல்லார் முன்னாலயும் படிக்கப் போறாங்க. அப்புறம் போர்டுல ஒரு வரி எழுதணும். மாளுவோட டைரியும் உண்டு!"

ஷைஜுவின் கால் தரையில் இல்லை. சந்தோஷத்தில் அல்ல.

ரீஜா அன்றே லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். "சேட்டா, உண்மையைச் சொல்லணும்னா எனக்கு நம்பிக்கையே இல்லாம இருந்துச்சு. அன்னிக்கு மட்டும் இவ எழுதிப் படிச்சுக் காட்டட்டும், அந்த இங்கிலீஷ் மீடியம் பேச்சையே நான் எடுக்க மாட்டேன். இல்லேன்னா மறுநாள் டி.சி. என் சித்தி பொண்ணால முப்பதாம் தேதிக்கு மேல சீட்டைப் பிடிச்சு வைக்க முடியாது."

அன்றிலிருந்து ஷைஜுவுக்குச் சோறு இறங்கவில்லை. மகளைத் தாஜா பண்ணினான். "மோளே, இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டேன்."

"அச்சன்தானே எழுதினீங்க? அச்சனே படிங்க."

"போர்டுல ஒரு வரி எழுதணுமாம்."

"எனக்கு எட்டாது."

கூட்டத்தன்று ரீஜா, ஆஸ்பத்திரியில் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டு நேரே பள்ளிக்கு வருவதாகச் சொல்லிப் போனாள். ஷைஜு மாளுவின் வலது கையைப் பிடித்து, பஞ்சு வைத்து, முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டான். கை சுளுக்கு என்றால் யாரும் எழுதச் சொல்ல மாட்டார்கள். படிப்பதற்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். மாளுவுக்குக் கட்டு மிகவும் பிடித்துவிட்டது. பள்ளிக்குப் போகிற வழியில் பார்த்தவரிடமெல்லாம் கையைத் தூக்கிக் காட்டினாள். ஒருவரிடம் மாடு முட்டியது என்றாள், ஒருவரிடம் விமானம் என்றாள்.

வகுப்பில் குட்டிப் பெஞ்சுகளில் பெற்றோர் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பெஞ்சில் டீச்சரைக் கூட்டிப் போக வந்த அவர் கணவர் இருந்தார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குட்டிப் பெஞ்சிலும் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். ரீஜா உள்ளே நுழைவதற்கும் டீச்சர் மாளுவைக் கூப்பிடுவதற்கும் சரியாக இருந்தது.

"அச்சச்சோ, கையில கட்டா! பரவாயில்ல மோளே. படிச்சா போதும்."

ஷைஜு கண்ணை மூடிக்கொண்டான். டி.சி.யின் வாசகம்கூட அவன் மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

"நாளது தேதி காலையில்" என்று கணீரென்று ஒரு குரல் கேட்டது. "அடுக்களையின் வடகிழக்கு மூலையில் இருந்த பாலை, மேற்படி பூனை எவருடைய சம்மதமும் இல்லாமல் குடித்தது!"

ஷைஜு கண்ணைத் திறந்தான். மாளு எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பென்சிலையும் படித்தாள், பேனாவையும் படித்தாள். வகுப்பே சிரித்தது. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். நிற்கிற வழியாக இல்லை. சிவப்பு மையையும் விடவில்லை.

"எழுத்துகள் வரிசையில் நிற்கவில்லை. நாளை முதல் நிற்க வேண்டும்!"

வல்சலா டீச்சருக்கு ஏனோ இருமல் வந்தது. கடைசிப் பெஞ்சில் சுபேதார் மட்டும் பலமாகத் தலையாட்டினார்.

கைதட்டல் அடங்கியது. ரீஜா கண்ணைத் துடைத்துக்கொண்டே மகளிடம் வந்தாள். கட்டைத் தொட்டாள். லேப் கை அல்லவா, தொட்ட உடனே தெரிந்துவிட்டது. "வீக்கம் இல்ல, ஒண்ணும் இல்ல. இதை யாரு கட்டினது?"

"அச்சன். போர்டுல எழுதச் சொல்லக் கூடாதுன்னு."

"ஏன்?"

"பென்சில்ல எழுதினது எல்லாம் அச்சன்தானே? நான் தப்பை மட்டும் சொல்லிக் கொடுப்பேன்."

ரீஜா திரும்பி ஷைஜுவைப் பார்த்தாள். அவன் உட்கார்ந்த இடத்திலேயே பெஞ்சுக்கு அடியில் போய்விட முடியுமா என்று பார்த்தான்.

"ஒண்ணரை மாசமா?" என்றாள் ரீஜா.

"ஒரு நாளைக்குன்னுதான் ஆரம்பிச்சேன்..."

"அச்சனுக்கு ஸ்டார் வாங்க ரொம்ப ஆசையா இருந்துச்சும்மா" என்றாள் மாளு. "அதான் விட்டுக் கொடுத்தேன்."

ரீஜா மகளின் கையைப் பிடித்தாள். கட்டைச் சரசரவென்று பிரித்துப் போட்டாள். நாற்காலியைப் போர்டுக்கு முன்னால் இழுத்துப் போட்டு, மகளை அதில் ஏற்றி, கையில் சாக்பீஸைக் கொடுத்தாள். "எழுது. நீயா எழுது."

"என்ன எழுதட்டும்?"

"இன்னிக்கு நடந்தது."

மாளு திரும்பி அப்பாவை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக வளைத்து வளைத்து எழுதினாள்.

'இன்று மழை இல்லை. ஆனாலும் அச்சன் நனைந்துவிட்டார்.'

ஒரு தப்பு இல்லை. எழுத்து வரிசையில் நின்றது.

முதலில் சிரித்தது ரீஜாதான். சிரித்துக்கொண்டே அழுதாள். போனை எடுத்து அங்கேயே பேசினாள். "ஆமாடி, நான்தான். அந்த சீட்டை யாருக்காவது கொடுத்துடு. இவ இங்கயே படிக்கட்டும்." போனை வைத்ததும் குரல் மாறியது. "சேட்டா, எழுந்திருங்க. டீச்சர் கால்ல விழுந்து மன்னிப்புக் கேளுங்க. பாவம், அவங்க எவ்வளவு கஷ்டப்பட்டு ஒவ்வொரு பக்கமும் திருத்தியிருக்காங்க!"

ஷைஜு எழுந்தான். வேட்டியைச் சரிசெய்துகொண்டு டீச்சர் முன்னால் போய்க் கைகூப்பி நின்றான். "டீச்சரே, பொறுத்துக்கணும். உங்க கையால வாங்கின ஸ்டாருக்கெல்லாம் எனக்கு அருகதை இல்ல."

டீச்சர் சிரிக்கவில்லை. அவர் முகம் ஷைஜுவின் முகத்தைவிட வெளுத்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஷைஜுவையும் இல்லை, கடைசிப் பெஞ்சை.

அங்கே சுபேதார் விறைப்பாக எழுந்து நின்றார்.

"வல்சலே, அப்ப தினமும் சாயங்காலம் வாக்கிங்கூடப் போகாம உட்கார்ந்து நான் ஸ்டார் போட்டதெல்லாம் இந்த ஆளுக்கா?"